பொருளில்லாப் பாட்டுக்குச் சரியான வடிவம் எது?

வாகைமரம்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய நூலகத்துக்காக, வாய்வழியாக வந்த சிறுவர் பாட்டுகளைத் திரட்டி நாற்பது பக்கத்துக்கு மிகாத ஒரு புத்தகமாக அச்சிடும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மூன்று மாதமாக வீடு வீடாகப் போய்ப் பாட்டிமார்களிடம் கேட்டு எழுதி வருகிறேன். எழுத எழுத வேலை குறையும் என்று நினைத்திருந்தேன், ஆனால் ஒரே பாட்டு ஐந்து வீட்டில் ஐந்து விதமாக இருப்பதால் அது கூடிக்கொண்டே போகிறது. தரையில் கைகளைப் பரப்பி வைத்துப் பாடும் பாட்டு ஒரு வீட்டில் 'அத்திலி புத்திலி' என்றும், அடுத்த வீட்டில் 'அத்தளி புத்தளி' என்றும், எதிர்வீட்டில் 'அக்கிலி புக்கிலி' என்றும் தொடங்குகிறது. இவற்றில் சரியானது எது என்று எதை வைத்து முடிவு செய்வது?

இன்னொரு சிக்கலும் உண்டு. பொருள் தெரியாத சொற்களுக்கு அடிக்குறிப்பு தர வேண்டும் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். பொருளே இல்லாத பாட்டைப் பிள்ளைகளுக்கு ஏன் தர வேண்டும், எடுத்துவிடுங்கள் என்கிறார் மற்றொருவர். இரண்டுக்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்பதை எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை.

கரிசல்காட்டான்:

'அத்திலி புத்திலி மக்கா சுக்கா பால் பறங்கி' என்றுதான் எங்கள் பக்கத்தில் பாடுவோம். 'பறங்கி' என்பது கடல் வழியாக வந்த போர்த்துக்கீசியரைக் குறிக்கிறது என்றும், அவர்கள் காலத்துக் கொடுமை ஒன்று இந்தப் பாட்டுக்குள் ஒளிந்திருக்கிறது என்றும் ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். அடிக்குறிப்பில் இதைச் சேர்க்கலாமே.

பழைய பலகை:

தயவுசெய்து சேர்க்க வேண்டாம். பறங்கி என்பது பூசணியையும் குறிக்கும், வெள்ளைக்காரனையும் குறிக்கும். பாட்டில் எதைக் குறிக்கிறது என்று கேட்டால், எதையும் குறிக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை என்பதே என் பதில். விளையாட்டுப் பாட்டுக்குள் வரலாற்றைத் தேடும் ஆசை எல்லா ஊரிலும் இருக்கிறது. நம் மழலையர் பள்ளிகளில் கைகோத்துச் சுற்றிவந்து தொப்பென்று விழும் 'ரிங்கா ரிங்கா ரோசஸ்' பாட்டு, லண்டனில் பரவிய கொள்ளைநோயைப் பற்றியது என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. அந்தப் பாட்டு ஆங்கிலத்தில் அச்சேறியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். கொள்ளைநோய் விளக்கமோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவியது. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. நம் பிள்ளைகள் அதை 'ஹுஷா புஷா' என்று பாடி விழுகிறார்கள். மூல மொழியில் ஓரளவு பொருள் இருந்த பாட்டும் இங்கே வந்ததும் முழுக்க ஓசைப் பாட்டாக மாறிவிட்டது. அதனால் எந்தக் குழந்தையின் மகிழ்ச்சியும் குறைந்துவிடவில்லை.

சரி, 'எது சரியான வடிவம்' என்ற கேள்விக்கு வருகிறேன். முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். வாகைமரம் தந்த மூன்று தொடக்கங்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அத்திலி என்றால் புத்திலி, அத்தளி என்றால் புத்தளி, அக்கிலி என்றால் புக்கிலி. ஒரு சொல் மாறும்போது அதன் இணைச்சொல்லும் கூடவே மாறியிருக்கிறது. 'அத்திலி புக்கிலி' என்று எந்தப் பாட்டியும் சொல்லியிருக்க மாட்டார். இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதை நாம் எதுகை என்கிறோம். 'மக்கா சுக்கா'விலும் அதே எதுகை இருக்கிறது, அடுத்து வரும் 'பால் பறங்கி'யில் முதலெழுத்து ஒன்றி வரும் மோனை இருக்கிறது. சொற்களுக்குப் பொருள் இல்லை, ஆனால் யாப்பு இருக்கிறது. ஊர் மாறினால் சொல் மாறும், பொருள் மாறும், சில சமயம் பொருள் காணாமலே போகும், ஆனால் இந்தக் கட்டு மட்டும் குலைவதில்லை.

பொருளுள்ள பாட்டுகளிலும் இதையே பார்க்கலாம். காக்கையிடம் கண்ணுக்கு மையும், குருவியிடம் கொண்டைக்குப் பூவும், கொக்கிடம் குழந்தைக்குத் தேனும், கிளியிடம் கிண்ணத்தில் பாலும் கேட்கும் பாட்டு எல்லோருக்கும் தெரியும். கொக்குக்கும் தேனுக்கும் என்ன உறவு? காக்கை ஏன் மை கொண்டு வர வேண்டும்? கருப்பு என்பதால் என்று அதற்கு மட்டும் ஒரு காரணம் சொல்லலாம், மற்றவற்றுக்குச் சொல்ல முடியாது. எந்தப் பறவையிடம் எதைக் கேட்பது என்பதை அந்தப் பறவையின் முதலெழுத்தே முடிவு செய்கிறது.

இலக்கணத்தில் மோனைக்கு உயிரெழுத்துகளை மூன்று இனங்களாகப் பிரிப்பார்கள். அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ இரண்டாம் இனம். உ, ஊ, ஒ, ஓ மூன்றாம் இனம். ஒரே மெய் இந்த இனத்துக்குள் எந்த உயிரோடு சேர்ந்து வந்தாலும் அது மோனைதான். ஆகவே குருவிக்குக் கொண்டையும் கொக்குக்குக் குழந்தையும் பொருந்துகின்றன. 'குத்து விளக்கே சாய்ந்தாடு, கோயிற் புறாவே சாய்ந்தாடு' என்ற அடிகளில் 'கு'வும் 'கோ'வும் அதே முறையில் இணைகின்றன. இந்த இனப் பகுப்பைப் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மனப்பாடம் செய்விக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. எழுத்தே அறியாத என் பாட்டி அதை ஓரிடத்திலும் பிழையின்றிக் கையாண்டதை ஓய்வு பெற்ற பிறகுதான் கவனித்தேன்.

எனவே வாகைமரம் எந்த வடிவத்தை அச்சிட்டாலும் சரிதான், ஒரு வடிவத்தின் பாதியையும் இன்னொன்றின் பாதியையும் ஒட்டாதவரை.

நல்லூர்க் குயில்:

பழைய பலகை ஐயாவின் விளக்கத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சான்று தருகிறேன். நீங்கள் 'கிச்சு கிச்சு தாம்பாளம்' என்று பாடும் பாட்டை என் அம்மம்மா 'கீச்சு மாச்சுத் தம்பலம், கீயா மாயாத் தம்பலம்' என்று சொல்லித் தந்தார். தம்பலம் என்றால் மென்ற வெற்றிலை, தாம்பாளம் என்றால் தட்டு. இரண்டுக்கும் அந்த விளையாட்டோடு ஒரு தொடர்பும் இல்லை.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இன்றுவரை மனப்பாடமாக இருக்கிற இன்னொரு பாட்டு, நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) எழுதிய ஆடிப்பிறப்புப் பாட்டு. இது வாய்வழிப் பாட்டு அல்ல, புலவர் ஒருவர் எழுதியது என்பதை அறிவேன். ஆனால் பாடும் பிள்ளைகளில் பலருக்கு அப்படி ஒருவர் எழுதினார் என்பதே தெரியாது. நாளை விடுதலை, அதாவது விடுமுறை, என்ற குதூகலத்தோடு தொடங்கி, பயற்றை வறுத்துக் குத்துவது, பச்சை அரிசியை இடித்துத் தெள்ளுவது, மாவை வறுப்பது என்று கூழும் கொழுக்கட்டையும் ஆகும் வரை ஒவ்வொரு வேலையாகச் சொல்லிக்கொண்டே போகும். என் தாயார் ஆடி முதலாம் நாள் அடுப்படியில் நிற்கும்போது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தப் பாட்டின் அடுத்த அடியை முணுமுணுத்துத்தான் நினைவுபடுத்திக்கொள்வார். பலா இலையைக் கோலி ஈர்க்கால் குத்தி, அதில் கூழை அள்ளிக் குடிப்போம். இலையின் மடிப்பு சரியாக அமையாவிட்டால் பனங்கட்டிக் கூழ் முழங்கை வரை வழியும். அந்தப் பாட்டில் அறிவுரை என்று ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாம் படி:

ஐயாவின் கருத்து அழகாக இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் பொருந்துமா என்று ஐயப்படுகிறேன். 'மழை வருது மழை வருது நெல்லு அள்ளுங்க' என்ற அடியில் மோனை எங்கே இருக்கிறது? 'ம'வுக்கு 'நெ' இனமல்லவே. மேலும், ஓசைதான் எல்லாம் என்றால் 'காக்கைக்கா காகூகை' என்று தொடங்கும் காளமேகப் புலவரின் பாட்டையும் இந்தத் தொகுப்பில் சேர்க்கலாமா?

பழைய பலகை:

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். காளமேகத்தின் பாட்டு நேர் எதிரானது. காதுக்குப் பிதற்றல் போல ஒலிக்கும், பிரித்தால் ஒழுங்கான பொருள் தரும். பகலில் கூகையைக் காக்கை வெல்லும், இரவில் காக்கையைக் கூகை வெல்லும், ஆகவே அரசன் கொக்கைப் போலத் தக்க காலத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஒரே மெய்யின் வரிசையில் உள்ள எழுத்துகளை மட்டும் வைத்துச் செய்த சித்திரக் கவி அது. பெரியவர்கள் தங்கள் திறமையைக் காட்டும் களம். 'அத்திலி புத்திலி'யைப் பிரித்தால் உள்ளே ஒன்றும் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

மழைப் பாட்டைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். முதலடியில் 'ம'வுக்கும் 'நெ'வுக்கும் இடையே மோனை இல்லை. 'மழை வருது' என்பதை இரண்டு முறை கூவுவதே அங்கே வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் அடுத்த அடிகளைப் பாருங்கள். முக்காப்படி அரிசிக்கு முறுக்கு. ஏர் ஓட்டுகிற மாமனுக்கு எடுத்து வைக்க வேண்டும், சில ஊர்களில் எண்ணி வைக்க வேண்டும். சும்மா இருக்கிற மாமனுக்குச் சூடு. எடுத்து, எண்ணி என்று சொல் மாறினாலும் 'ஏ'வுக்கு 'எ' இணையாக நிற்பதை நீங்களும் மறுக்க மாட்டீர்கள்.

இரு பிள்ளைத் தாய்:

இந்த மழைப் பாட்டைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. என் மகன் படிக்கும் பள்ளியில் ஆண்டு விழாவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். கடைசி அடியை மட்டும் 'சும்மா வர்ற மாமனுக்குச் சோறு வையுங்க' என்று மாற்றிவிட்டார்கள். சூடு வைப்பது வன்முறையாம், அதனால் குழந்தைகள் கெட்டுப்போவார்களாம். ஒத்திகையில் நானும் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் அந்த அடி வரும்போது விழுந்து விழுந்து சிரிக்கும் என் மகன், மேடையில் அதை வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒப்பித்துவிட்டு இறங்கினான்.

ஐயா சொல்லும் கணக்குப்படி 'சும்மா'வுக்குச் 'சோறு' சரியான மோனைதான். யாப்பு குலையவே இல்லை. ஆனாலும் பாட்டு செத்துவிட்டது. ஏர் ஓட்டியவனுக்கும் முறுக்கு, ஓட்டாதவனுக்கும் சோறு என்றால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆகவே ஓசை மட்டும் போதும் என்று நீங்கள் சொல்வதை என்னால் முழுக்க ஏற்க முடியவில்லை.

பழைய பலகை:

அம்மா, நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. நான் ஒரு பக்கத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். ஓசைக் கட்டு பாட்டைச் சிதறாமல் காக்கும், அதற்கு மேல் உயிர் கொடுக்க அதனால் முடியாது என்று என் பேச்சைத் திருத்திக்கொள்கிறேன். மாற்றியவர் மோனை அறிந்த ஒரு தமிழாசிரியராகத்தான் இருக்க வேண்டும், அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இந்த நோய் பள்ளிகளோடு நிற்கவில்லை. கடந்த நூற்றாண்டில் சிறுவர்களுக்காக அச்சில் வந்த பாட்டுகளில் பெரும்பகுதி பல் துலக்கு, பொய் சொல்லாதே, பெரியோரை வணங்கு என்று ஏவிக்கொண்டே இருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989), தம் முதல் தொகுப்பான 'மலரும் உள்ளம்' 1944இல் வெளிவந்த நாளிலிருந்து இறுதிவரை பிள்ளைகளுக்காகவே எழுதியவர். தட்டில் இருந்த எட்டு லட்டுகளை அண்ணனும் தங்கையும் தின்று தீர்ப்பதைப் பற்றிய அவருடைய பாட்டில் அடிதோறும் முடிவில் 'ட்டு' வரும். கடைசியில் மிஞ்சுவது காலித் தட்டு மட்டுமே. இனிப்பு அதிகம் தின்னாதே என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவோ இடம் இருந்தும் அவர் சேர்க்கவில்லை. ஒரு வேறுபாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதும் கவிஞர் அடியின் கடைசியில் இயைபை வைத்து விளையாடுகிறார், பாட்டிமார் பெரும்பாலும் அடியின் முதலில் மோனையை வைத்து விளையாடுகிறார்கள்.

கரிசல்காட்டான்:

பறங்கி விளக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதற்கு ஈடாக, நானே விளையாடியதை வைத்து ஒன்று சொல்கிறேன்.

'கிச்சு கிச்சு தாம்பாளம்' விளையாட மணலை இரண்டு முழ நீளத்துக்குக் கரை போலக் குவிப்போம். ஒரு சின்னத் துரும்பை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, கையை மணலுக்குள் விட்டு இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஓட்ட வேண்டும். வாய் பாடிக்கொண்டே இருக்கும். எதிரில் இருப்பவன் துரும்பு எங்கே இருக்கிறதென்று ஊகித்து, இரு கைகளையும் கோத்து அந்த இடத்தில் பொத்துவான். துரும்பை விடும் கணத்தில் கை சற்றே தயங்கும், அந்தத் தயக்கத்தில்தான் திருடன் பிடிபடுவான். தயங்காமல் விட வேண்டுமானால் கை பாட்டின் தாளத்தை விட்டு விலகக் கூடாது. சொல்லுக்குப் பொருள் இருந்தால் நம் கவனம் அதன் பின்னால் போய்விடும், கையும் தாளத்தைத் தவறவிடும். பொருளில்லாத சொல் என்பதால்தான் வாய் தன் பாட்டுக்குப் பாட, கை தன் பாட்டுக்குக் களவு செய்ய முடிந்தது. எங்கள் தெருவில் ஒருத்தி 'மாயா மாயா' என்ற இடத்தில் மட்டும் குரலை இழுப்பாள். துரும்பு அங்கேதான் என்று நாங்கள் பாய்ந்து பொத்துவோம், அவளோ அதை 'கிய்யா'விலேயே விட்டிருப்பாள்.

பழைய பலகை:

அருமை. பாடுபவரின் கையைப் பார்க்காமல் ஏட்டில் மட்டும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றியிருக்காது.

மூன்றாம் படி:

அப்படியானால் சடுகுடுப் பாட்டையும் இதே கண்ணோடு பார்க்கலாம். 'நாந்தான்டா ஒப்பன் நல்லமுத்துப் பேரன், வெள்ளிப் பிரம்பெடுத்து விளையாட வாரேன், தங்கப் பிரம்பெடுத்துத் தாலி கட்ட வாரேன்' என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எதிர்க் களத்துக்குள் நுழைவோம். ஒப்பன் என்றும் பேரன் என்றும் ஒரே மூச்சில் சொல்லும் இந்தத் தலைமுறைக் குழப்பத்தை எங்களில் யாரும் கேள்வி கேட்டதில்லை. மூச்சு முறியவில்லை என்பதற்கு நடுவருக்கும் எதிரணிக்கும் பாட்டே சாட்சி. மூச்சு தளரும்போது 'கட்ட வாரேன், கட்ட வாரேன்' என்று கடைசிச் சொற்களையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு கோட்டைத் தொட ஓடி வருவோம். இன்றைய போட்டி விதிகளில் ஒரு பாடிச் செல்கைக்கு 30 வினாடி என்று கடிகாரம் வந்துவிட்டது. வாயில் 'கபடி கபடி' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நல்லமுத்துவின் பேரன் ஆட்டத்தை விட்டே போய்விட்டான்.

இங்கேயும் 'வெள்ளி'க்கு 'விளையாட' மோனையாக வருவதை இப்போதுதான் கவனிக்கிறேன். ஐயா, என் ஐயத்தை முக்கால் பங்கு விலக்கிக்கொள்கிறேன்.

நல்லூர்க் குயில்:

தொட்டில் வயதுப் பாட்டுகளை மறந்துவிட வேண்டாம். பெரியாழ்வார் தம் திருமொழியில் அம்புலியை அழைக்கவும், செங்கீரை ஆடவும், சப்பாணி கொட்டவும், தளர்நடை நடக்கவும் தனித்தனிப் பதிகங்கள் பாடியிருக்கிறார். பிற்காலத்தில் அவற்றில் பலவும் பிள்ளைத்தமிழின் பருவங்களாக ஆயின. 'நிலா நிலா ஓடி வா', 'சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு' போன்றவற்றை வீட்டுத் தாய்மார் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் ஆழ்வார் பாடினார் என்று நான் நினைக்கிறேன். ஆழ்வாரைப் படித்துவிட்டுத் தாய்மார் பாடியிருக்க முடியாது என்பது என் துணிபு. தொகுப்பின் வரிசையையும் குழந்தையின் உடல் வளர்ச்சியை ஒட்டி அமைக்கலாமே. முதலில் சாய்ந்தாடுவது, பிறகு கை வீசுவது, உள்ளங்கையில் பருப்புக் கடைவது, அதன் பிறகு ஓடி விளையாடுவது.

இரு பிள்ளைத் தாய்:

பருப்புக் கடையும் பாட்டைப் படத்தோடு போடுங்கள். பாட்டின் சொற்கள் மூன்று வரிகூட வராது. மீதி எல்லாம் விரலில் இருக்கிறது. குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையால் கடைந்து, நெய் ஊற்றி, வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பேரையும் சொல்லி ஒரு விரலை மடக்கி, கடைசியில் 'நண்டூருது நரியூருது' என்று மணிக்கட்டிலிருந்து அக்குள் வரை விரல்களை நடத்திப் போக வேண்டும். என் இளையவள் நண்டு முழங்கையைத் தாண்டுவதற்குள் சிரிக்கத் தொடங்கிவிடுவாள், அக்குள் வரை போக விட்டதே இல்லை.

வாகைமரம்:

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்தவற்றைத் தெரிவிக்கிறேன். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வடிவத்தை முழுதாகத் தந்து, மற்ற வடிவங்களில் மாறுபடும் அடிகளை இணையாகவே கீழே தரப் போகிறேன். ஓசைச் சொற்களுக்குப் பொருள் விளக்கம் இருக்காது. அடிக்குறிப்பு கேட்டவரிடம், அந்த இடத்தில் கையை எப்படி வைக்க வேண்டும், மணலை எப்படிக் குவிக்க வேண்டும் என்பதை எழுதித் தருமாறு கேட்டேன். இரண்டு நாளாக உற்சாகமாக எழுதிக்கொண்டிருக்கிறார். மாமனுக்குச் சூடு உண்டு.

எழுத்து வழக்கைப் பற்றியும் ஒரு சண்டை நடந்து முடிந்தது. 'ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூ பூத்துச்சாம்' என்பதை 'ஊற்றி' என்று திருத்த வேண்டும் என்று மெய்ப்புப் பார்த்தவர் சொன்னார். இந்த இழையைப் படித்திருந்த துணிச்சலில், 'ஊத்தி'க்கும் 'பூத்து'க்கும் உள்ள எதுகை போய்விடும் என்று வாதாடி நிறுத்திவிட்டேன்.

நேற்று மாலை நூலகத்தில் நடந்தது ஒன்று. 'கை வீசம்மா கை வீசு' பாட்டின் அடிகளைச் சரிபார்க்கப் பிள்ளைகளைப் பாடச் சொன்னேன். கடைக்குப் போனார்கள், மிட்டாய் வாங்கி மெதுவாய்த் தின்றார்கள், கோயிலுக்குப் போய்க் கும்பிட்டார்கள், தேரைப் பார்த்துத் திரும்பி வந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகும் நிறுத்த மனமில்லாத நான்கரை வயதுச் சிறுமி ஒருத்தி தானாகவே தொடர்ந்தாள்: 'பீட்சா வாங்கலாம் கை வீசு, பிச்சுத் தின்னலாம் கை வீசு.' பழைய பலகை ஐயா, 'பீ'க்குப் 'பி'. இதையும் அந்தப் பாட்டுக்குக் கீழே சேர்த்துவிட்டேன். பாடியவர் பெயரை மட்டும் அவளுடைய அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போடுகிறேன்.